நூல் யார் கையில்? மருதமுனை நெசவாளி ஒருவரின் கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

மருதமுனையில் முப்பது வருடத்துக்கு மேல் தறியில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்றார், ஊரில் பாதிப்பேர் கூப்பிடுவது போல நானும் ராத்தா, அதாவது அக்கா, என்றே எழுதுகிறேன். அந்த முப்பது வருடத்தில் பெரும்பகுதி அவர் அடுத்தவருக்காகக் கூலிக்கு நெய்தார். இப்போது தனக்கென்று நெய்கிறார், எதை நெய்வது, எப்போது நெய்வது, யாருக்கு விற்பது என்று தானே முடிவெடுக்கிறார். இந்த மாற்றம் எப்படி நடந்தது, இவ்வளவு காலம் ஏன் நடக்கவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

வாழ்வாதாரத் திட்டங்களோடு வேலை செய்கிறவர்கள், நானும் அதில் ஒருவன், வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. கையில் முதல் இல்லை, பயிற்சி இல்லை. ராத்தாவுக்கு இரண்டும் காரணமாக இருக்கவில்லை. தறி இருந்தது, கை இருந்தது, கடன் கொடுக்க ஆளும் இருந்தது. நூல்தான் அவர் கையில் இல்லை. நூல் யாருடையதோ வேலையும் அவருடையதாக இருந்தது.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் போகும்போது பாண்டிருப்பு முடிந்ததும் மருதமுனை, அடுத்தது பெரியநீலாவணை, அதோடு அம்பாறை மாவட்டம் முடிந்து பெரியகல்லாற்றில் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். கிழக்கில் கைத்தறி என்றால் முதலில் வாயில் வரும் பெயர் மருதமுனைதான். சாரன், சேலை, படுக்கை விரிப்பு எல்லாம் இங்கே நெய்தார்கள், நெய்கிறார்கள். ராத்தாவின் உம்மா நெய்தது 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலம், வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம், நெய்தது எல்லாம் விற்றது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, மலிவான துணி கப்பல் கப்பலாக இறங்கியது, கைத்தறி படுத்துவிட்டது. ஊர் ஆண்கள் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். தறியை விட்டு எழும்பாத வீடுகளில் பெண்கள் இருந்தார்கள், அவர்களுக்கு நூல் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் சில முதலாளிமார் மட்டும்தான்.

கூலி நெசவு நடந்த விதம்

ராத்தாவுக்கு நூல் கொடுத்தவரும் அதே ஊர்தான், தூரத்து உறவும்கூட. இவர் அவரைக் காக்கா (அண்ணன்) என்பார், அவர் இவரைத் தங்கச்சி என்பார். நூலைக் காக்கா கொழும்பிலிருந்து எடுப்பார், அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து இறக்குமதியான நூல். சாயம் போட்டு, பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) சுற்றி, தறியில் ஏற்றத் தயாராக வீட்டுக்கு வரும். குறுக்கே ஓடும் ஊடு நூலை நிறுத்துத் தருவார். நெய்து முடித்ததும் துணியை நிறுத்து வாங்குவார். கொடுத்த நூலின் நிறைக்கும் வாங்கிய துணியின் நிறைக்கும் உள்ள வித்தியாசத்தில் கழிவுக்கென்று ஒரு அளவு விடுவார், அதற்கு மேல் குறைந்தால் கூலியில் வெட்டு.

இந்த நிறுவையில்தான் சண்டை எப்போதும். நூலுக்குக் கஞ்சி போட்டால் நிறை கூடும், மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கூடும், பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்தால் குறையும். மார்கழியில் நிறுத்து வாங்கிய நூலை மாசியில் துணியாகத் திருப்பிக் கொடுத்தால் எங்கேயோ கொஞ்ச நூல் காணாமல் போயிருக்கும், யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ராத்தா இதைச் சொன்னபோது நான் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, காசு கணக்கில் சின்னத் தொகைதான். ஆனால் அவர் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்தார். கூலி குறைவு என்பதைவிட, தன் வீட்டில் தன் கையால் செய்த வேலையை ஒவ்வொரு முறையும் தராசில் வைத்து, திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்ததுதான் அவருக்கு உறுத்தியது.

அவர் தறியில் ஒரு பாவில் பன்னிரண்டு சேலை வரும். ஒரு சேலைக்கு ஏறத்தாழ இரண்டு நாள். பாவை ஏற்றி, இழை இழையாகப் பிணைத்து, அறுந்ததைச் சேர்த்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்து, எல்லாம் சேர்த்தால் ஒரு பாவு ஒரு மாதம். கூலி சேலைக்கு இவ்வளவு என்று. இதில் கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது, ஊடு நூலைச் சுற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். உம்மா இருக்கும் வரை உம்மா சுற்றினார், பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்து மகள் சுற்றினாள். ஒருவருக்குக் கொடுத்த துண்டுக் கூலிக்கு மூன்று தலைமுறை வேலை செய்தது.

எந்தச் சட்டமும் இந்த வீட்டுக்குள் வரவில்லை. 2016ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டத்தில் தேசியக் குறைந்தபட்ச வேதனம் மாதத்துக்கு 10,000 ரூபா, நாளுக்கு 400 ரூபா என்று தொடங்கியது. ராத்தா அதைக் கேள்விப்பட்டதே பல வருடம் கழித்து, அதுவும் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தங்கச்சி சொல்லி. எழுத்தில் எதுவும் இல்லாத, காக்கா தங்கச்சி என்று நடக்கும் ஒரு வேலையில் முதலாளி யார், தொழிலாளி யார் என்று எங்கே போய்க் காட்டுவது? ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அவர் பெயரில் அதில் ஒரு சதமும் இல்லை.

முற்பணம் இன்னொரு விஷயம். வெள்ளம் வந்தால், யாருக்காவது சுகமில்லாமல் போனால், காக்கா மறுக்காமல் கொடுப்பார். 2011 தை மாதம் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் கிடந்தபோது அவர் கொடுத்த காசில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். இதை ராத்தா நன்றியோடுதான் சொல்கிறார், நானும் அதைக் குறைத்து எழுத மாட்டேன். ஆனால் முற்பணம் முழுதாகக் கழிந்த மாதம் என்று ஒன்று வந்ததே இல்லை. பாக்கி இருக்கும்போது அடுத்த பாவை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. "தங்கச்சி, இந்தப் பாவ மட்டும் பெருநாளைக்கு முந்தி முடிச்சுத் தாங்க" என்று கேட்பவரிடம், கல்யாணத்துக்கும் மையித்துக்கும் (சாவு வீட்டுக்கும்) முதல் ஆளாக வந்து நின்றவரிடம், எப்படி முடியாது என்பது? அதட்டுகிற முதலாளியாக இருந்திருந்தால் ஒரு நாள் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன் என்றார் ராத்தா.

பெருநாளுக்கு முந்தி என்றால் நோன்பு மாதம். துணிக்குக் கிராக்கி கூடும் மாதம் அதுதான், ஆகவே வருடத்தில் அதிகம் நெய்ய வேண்டிய மாதமும் அதுவே. நோன்பு பிடித்துக்கொண்டு பகலில் தறி, நோன்பு திறந்து, நோன்பு மாத இரவுத் தொழுகையான தறாவீஹுக்குப் போகாமல் இரவில் மறுபடி தறி. இருபது வருட றமழானை இப்படிக் கழித்தேன் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் கூலியைப் பற்றிப் பேசும்போது நான் கேட்கவில்லை.

கணவர் பன்னிரண்டு வருடம் சவூதியில் இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே வேலைக்காரனின் விசா கபீலோடு, அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளியோடு, கட்டப்பட்டிருந்தது, அவர் விட்டால்தான் வேறு இடம் போக முடிந்தது, கடவுச்சீட்டையும் பல கபீல்மார் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து ஊரில் மேசன் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் மனைவியின் நிறுவைச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "அங்க என்ட பாஸ்போட் அவன்ட கையில இருந்திச்சி. இங்க உன்ட நூல் அவர்ர கையில." காக்காவையும் கபீலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, ராத்தாவும் அப்படி வைக்கவில்லை. ஆனால் யாருடைய கையில் எது இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் அன்றுதான் தொடங்கியது.

வந்த உதவிகள்

2004 டிசம்பர் 26 சுனாமி மருதமுனைக் கடற்கரையைத் துடைத்துக்கொண்டு போனது. ராத்தாவின் வீடும் தறிக் கொட்டிலும் போனது. அதற்குப் பிறகு வந்த உதவிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். மூன்றுமே நல்ல மனதோடு வந்தவை.

முதலாவது வீடு. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு அது மாறியது, அதற்குள் பலருக்கு உள்ளே தள்ளி வீடு கிடைத்தது. அறை, குசினி, கழிவறை எல்லாம் இருந்த அந்த வீட்டில் ஒரு தறியை நிறுத்த இடம் இல்லை. நெசவு செய்கிற ஊரில் கட்டிய வீடு, படம் வரைந்தவர் அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்கவே இல்லை. ராத்தா முன் விறாந்தையைத் தகரத்தால் அடைத்துத் தறியை வைத்தார்.

இரண்டாவது தறி. ஒரு உதவி நிறுவனம் கொடுத்தது, நல்ல மரம், இன்றைக்கும் அதில்தான் நெய்கிறார். தறியோடு ஒரு பாவுக்கான நூலும் கொடுத்தார்கள். அந்த நூல் முடிந்தது, அடுத்த நூலுக்குக் காசில்லை, காக்காவிடம் போனார். திட்டத்தின் அறிக்கையில் இவர் சுயதொழில் முயற்சியாளர் என்று எழுதப்பட்டிருக்கும், அது எனக்கு நிச்சயம், ஏனென்றால் அப்படிப்பட்ட அறிக்கைகளை நானும் எழுதியிருக்கிறேன். தறி இவருடையதானதால் நடந்த ஒரே மாற்றம், தறி பழுதானால் திருத்தும் செலவும் இவருடையதானது.

மூன்றாவது கடன். நுண்கடன் நிறுவனங்கள் கிழக்கு முழுக்கப் பெண்களைக் குழுக் குழுவாகச் சேர்த்த காலம். நூல் வாங்க என்று ராத்தா எடுத்தார், உண்மையாகவே நூலும் வாங்கினார். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. தவணை கிழமைக்குக் கிழமை. பாவோ ஒரு மாதம், நெய்து முடித்து விற்றுக் காசு வர இன்னும் ஒரு மாதம். முதல் தவணைக்கு ஆள் வரும்போது அவரிடம் மூன்று சேலைதான் தறியில் சுற்றி இருந்தது. கிழமைக் காசுக்காக மறுபடி கூலி நெசவு, கூலி நெசவு செய்தால் தன் பாவு நிற்கும். ஒரு தவணை பிந்தினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் அவர் வீட்டு வாசலில் உட்கார வேண்டும், அதுதான் விதி. அதற்குப் பயந்து இன்னொரு இடத்தில் கடன் எடுத்து இதைக் கட்டினார். 2018இல் அரசாங்கம் தலையிட்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு வைத்ததும், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ராத்தா அதற்கு முன்பே நகையை விற்றுக் கட்டி முடித்திருந்தார். 35 வீதம் என்பது உச்சவரம்பு என்றால் அதற்கு முன் எவ்வளவு வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வட்டியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தவணையின் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதைக் காணோம், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கடைக்காரனுக்குத் தினமும் காசு புரளும், கிழமைத் தவணை அவனுக்குச் சரி. நெசவுக்கும் வேளாண்மைக்கும் வேலைக்கென்று ஒரு காலம் இருக்கிறது, அது முடியாமல் காசு வராது. கிழமைக்கு ஒருமுறை காசு கேட்கும் கடன் ஒருவரைக் கிழமைக்கு ஒருமுறை காசு வரும் வேலைக்குத்தான் தள்ளும். எந்த வேலை செய்வது என்பதைக் கடன் அட்டைதான் முடிவெடுத்தது.

நூல் நின்றபோது

2020இல் கொரோனா ஊரடங்கு. கடைகள் பூட்டு, காக்காவிடமும் நூல் இல்லை, ஒவ்வொரு வீட்டுத் தறியும் வெறுமையாகக் கிடந்தது. ராத்தாவின் வீட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்த மிச்ச நூல் ஒரு உரப்பையில் இருந்தது, அது கழிவென்று கணக்கில் ஏற்கனவே இவருக்கு வெட்டப்பட்ட நூல். நிறம் நிறமாக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். அதை ஒரே சேலைக்கு வைக்க முடியாது. உம்மா காலத்தில் நெய்த ஒரு கட்டம் அவருக்கு ஞாபகத்தில் இருந்தது, பல நிறம் சின்னச் சின்னக் கட்டமாக வரும், அதைத் துவாய் அகலத்துக்கு மாற்றி நெய்தார். யாரும் கேட்டு நெய்யவில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று தறிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தது அந்த வயதில் முதல் தடவை. பாவு எப்போதும் தயாராக வரும், நிறத்தைக் காக்கா தீர்மானிப்பார், கரையின் அகலத்தைக் கொழும்புக் கடை தீர்மானிக்கும். "நானும் மெசின் மாதிரித்தான் இருந்திருக்கன்" என்றார்.

மகள் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாள். அக்கரைப்பற்றில் ஒரு கடைக்காரர் எடுத்தார், பிறகு மட்டக்களப்பில் ஒரு ஆசிரியை தன் நண்பிகளுக்கென்று எடுத்தார். பெரிய காசில்லை. அந்த உரப்பை முடிந்ததும் அதுவும் முடிந்திருக்க வேண்டியதுதான்.

2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. நூலும் இறக்குமதி, சாயமும் இறக்குமதி, விலை எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். நியாயப்படி பார்த்தால் கைத்தறி செத்திருக்க வேண்டும். ஆனால் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது மின்தறி நின்றது, கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. வெளிநாட்டுத் துணியின் விலையும் ஏறியதால் அக்கரைப்பற்றுக் கடைக்காரர் தானாகவே தேடி வந்தார். கையில் நூல் இருந்தால் விற்கலாம் என்ற நிலை. கையில் நூல் இல்லை. காக்காவும் கடனுக்கு நூல் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார், கொழும்பில் அவருக்குக் கொடுத்தவர்கள் இனி ரொக்கம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். இவர் அவருக்குக் கட்டுப்பட்டதுபோல அவரும் மேலே யாருக்கோ கட்டுப்பட்டவர்தான்.

சீட்டு

இங்கேதான் ராத்தாவும் அக்கம்பக்கத்து நான்கு பெண்களும் செய்த காரியம் வருகிறது. சீட்டுப் போட்டார்கள். எங்கள் பக்கம் சீட்டு இல்லாத ஒழுங்கை கிடையாது, எல்லாரும் மாதம் கட்டி ஒருவர் மொத்தமாக எடுப்பது, கல்யாணத்துக்கும் கூரை போடவும் எடுப்பார்கள். இவர்கள் அதை நூலுக்குப் போட்டார்கள். இரண்டு விஷயத்தை மாற்றினார்கள், அந்த இரண்டும்தான் எல்லாம். ஒன்று, மாதத் திகதி கிடையாது, அவரவர் பாவு இறங்கி விற்றதும் கட்ட வேண்டும். இரண்டு, முறை வந்தவர் காசாக எடுக்க முடியாது, நூலாகத்தான் எடுக்கலாம். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒருவரின் தம்பி கொழும்பில் நூல் எடுத்து லொறியில் போடுவார், தனியாக எடுப்பதைவிட விலை குறைவு. வட்டி இல்லாததால் மார்க்க ரீதியாகவும் மனதுக்கு நிம்மதி என்று ஐந்து பேருமே சொன்னார்கள், அந்த நிம்மதியை ஒரு சின்னக் காரணமாக நான் எடுக்கவில்லை.

யார் முதலில் எடுப்பது என்பதில் ஒரு கிழமை பேச்சில்லாமல் இருந்தார்கள். கடைசியில் காக்காவிடம் முற்பணப் பாக்கி ஆகக் கூடியவர் முதலில் எடுப்பது என்று முடிவானது, அது ராத்தா இல்லை, இன்னொருவர். அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டேன், ஐந்து பேரும் வேறு வேறு ஆளைச் சொன்னார்கள்.

காக்காவின் பாக்கியை ராத்தா மூன்று பாவில் கட்டி முடித்தார். முடித்த அன்று அவர் வீட்டுக்குப் போய்க் கொப்பியில் பெயரை வெட்டச் சொல்லிக் கேட்டாராம். அவர் வெட்டிவிட்டு, "அப்ப இனி எனக்கு நெய்ய மாட்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். இவர் சொன்ன பதில்: "நெய்வன் காக்கா. கூலிய முதல்ல பேசுவம், நோன்புக்குள்ள கேக்கப்படாது, நிறுவை வேணாம், சேலைய எண்ணி எடுங்க." யோசித்துச் சொல்கிறேன் என்றார் காக்கா. இரண்டு மாதம் கழித்துச் சம்மதித்தார். இப்போதும் வருடத்தில் இரண்டு பாவு ராத்தா அவருக்கு நெய்கிறார், கூலிக்குத்தான்.

இந்த இடம் முக்கியம். ராத்தா முதலாளி ஆகவில்லை, ஆகவும் விரும்பவில்லை. கூலி வேலையை முழுதாக விடவும் இல்லை. அதே தறி, அதே காக்கா, அதே சேலை. ஆனால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் சரி என்று சொல்லிச் செய்யும் வேலை அது. இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை சட்டபூர்வமான எந்தத் தொழிலிலும் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ ஈடுபடும் சுதந்திரம் ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு என்கிறது. 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் உறுப்புரை வேலையைச் சுதந்திரமாகத் தெரிவு செய்யும் உரிமையைச் சொல்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையும் அதையே சொல்கிறது, இலங்கை 1980இல் அதில் சேர்ந்தது. ராத்தாவை எந்தச் சட்டமும் எந்தக் காலத்திலும் தடுத்ததில்லை, அது உண்மை. ஐந்து பேர் சேர்ந்து நூல் வாங்கிய பிறகுதான் அந்த உரிமை அவர் வீட்டு விறாந்தைக்கு வந்தது.

என்ன மாறியது

வருமானம் கூடியதா என்று இதை வாசித்துப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார், திட்டம் போடுகிறவர்களின் முதல் கேள்வி அது. ராத்தாவின் கொப்பியைப் பார்த்தேன். சில மாதம் கூலிக் காலத்தைவிட நன்றாகக் கூட, சில மாதம் குறைவு, கார்த்திகை மார்கழியில் நூல் காயாமல் வேலையே ஓடாத நாட்களில் மிகக் குறைவு. வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் கூடத்தான், ஆனால் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அதைப் பெரிய வெற்றி என்று எழுத நான் தயாரில்லை. வருமானத்தை மட்டும் வைத்து அளந்தால் இந்தக் கதையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்றுதான் முடிவு வரும், அப்படி ஒரு முடிவு வருமானால் அந்த அளவுகோல்தான் போதாது.

நடந்தவை இவை. றமழானில் தறி ஓடுவதில்லை, அதற்கு முந்திய ஷஃபான் மாதத்துக்குள் பெருநாள் துணி எல்லாம் இறங்கிவிட வேண்டும் என்று வேலையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வைக்கிறார், இரவுத் தொழுகைக்குப் போகிறார். அதிகாலை சுபஹ் தொழுகைக்குப் பிறகு வெயில் ஏறும் வரை ஒரு இருப்பு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு இருப்பு, நடுவில் முதுகை நீட்டிப் படுக்கிறார். முழங்கால் வலி இருக்கிறது, முப்பது வருடம் மிதித்த கால், அது எந்தச் சுதந்திரத்தாலும் போகாது. உம்மாவின் கட்டத்தை இப்போது சேலைக் கரையில் வைக்கிறார், அதைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நூல் சுற்றித் தரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறார், தன் கூலியில் அது ஒரு காலமும் கணக்கில் வரவில்லை என்பது மறக்கவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு கடை பெரிய ஓடர் ஒன்றோடு வந்தது. எல்லாம் ஒரே நிறம், கடையின் பெயர்ச் சீட்டு, வேறு யாருக்கும் அந்தக் கட்டத்தைக் கொடுக்கக்கூடாது. விலை மோசமில்லை. ஐந்து பேரும் கூடிப் பேசினார்கள், இரண்டு பேர் எடுப்போம் என்றார்கள், நியாயமான பேச்சுத்தான், ஒருவருக்கு மகன் பரீட்சை எழுதுகிற வருடம். கடைசியில் ஓடரில் பாதியை எடுத்தார்கள், பெயர்ச் சீட்டுக்குச் சம்மதித்தார்கள், கட்டத்தை மட்டும் விடவில்லை. கடை முதலில் முறைத்தது, பிறகு எடுத்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முழு ஓடரையும் எடுங்கள் என்று ஆலோசனை சொல்லியிருப்பேன், நல்லவேளை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ராத்தாவின் தங்கச்சி தொழிற்சாலையில்தான் இருக்கிறாள். மாதச் சம்பளம், சேமலாப நிதி, வேலை முடிந்தால் முடிந்தது, வீட்டுக்கு வேலை வராது. தறிக்கு வா என்று அக்கா கூப்பிட்டும் வரவில்லை. வெளியே போய் நாலு பேரோடு வேலை செய்வதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறாள். இரண்டும் பார்த்தவள், தெரிந்து சொல்கிறாள். கைத்தறி என்றால் சுதந்திரம், தொழிற்சாலை என்றால் அடிமைத்தனம் என்று இதை வாசிக்கிற யாராவது எடுத்துக்கொண்டால் அது இந்த இரண்டு சகோதரிகளுக்கும் செய்கிற அநியாயம்.

மகளுக்கும் தறியில் இருக்க விருப்பமில்லை. கணக்கியல் படிக்கிறாள். படம் எடுப்பாள், கணக்குப் பார்ப்பாள், வாங்குகிறவர்களோடு பேசுவாள், தறியில் உட்கார மாட்டாள். பாரம்பரியம் அழிகிறது, இளம் பிள்ளைகள் கைத்தறிக்கு வருவதில்லை என்று ஊரில் நடக்கும் கூட்டங்களில் பேசுகிறார்கள், பேசுகிறவர்களின் பிள்ளைகள் யாரும் தறியில் இல்லை. சின்ன வயதில் சம்பளமில்லாமல் நூல் சுற்றிய பிள்ளை அவள். தான் தெரிவு செய்யாத வேலையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துத்தான் ஒரு பாரம்பரியம் வாழ வேண்டுமென்றால் அந்தப் பாரம்பரியத்துக்காக நான் வாதாட மாட்டேன். ராத்தாவும் அப்படித்தான் சொல்கிறார், கொஞ்சம் வருத்தத்தோடு. மருமகள் முறையான ஒரு பிள்ளை தானாக வந்து பழகுகிறாள், அவளுக்குப் பழக்கும் காலத்திலும் நெய்த துணிக்குக் காசு உண்டு.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வியை வைக்கிறேன், தறி கொடுப்பதற்கு முன், கடன் படிவம் நீட்டுவதற்கு முன், கேட்க வேண்டியது: இரண்டாவது பாவுக்கு நூல் எங்கிருந்து வரும்? முதலாவது நூலை யாரும் கொடுக்கலாம், நாங்களும் கொடுத்தோம். இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால் நாம் கொடுப்பது வேறொருவரின் வேலைக்கு ஒரு கருவி. திருப்பிக் கட்டும் காலத்தையும் தொழிலின் காலத்தைப் பார்த்து வைக்கலாம், வேளாண்மைக் கடனுக்கு அறுவடை வரை பொறுக்கிற வங்கி பாவு இறங்கும் வரை பொறுக்க முடியாதா? வீட்டுத் திட்டம் வரைகிறவர்கள் அந்த வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று அங்கே இருக்கப்போகிற பெண்ணிடம் கேட்கட்டும், அதற்குச் செலவே இல்லை.

இப்போது குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு சாயத்தைப் பற்றியது. நூல் இவர்கள் கைக்கு வந்துவிட்டது, சாயம் இன்னும் வெளியே கொடுத்துத்தான் போடுகிறார்கள், கேட்ட நிறம் வருவதில்லை, மாரியில் பிந்துகிறது. சீட்டின் அடுத்த சுற்றில் நூலுக்குப் பதிலாகச் சாயத்தொட்டி ஒன்று வைப்போம் என்கிறார் ராத்தா. ஒருவர் கடுமையாக எதிர்க்கிறார். அவருடைய வளவில்தான் இடம் இருக்கிறது, அங்கேதான் கிணறும் இருக்கிறது, மணல் நிலம், ஊற்றுகிற சாயத் தண்ணீர் இரண்டு மழையில் கிணற்றுக்குப் போய்விடும் என்கிறார், அந்தத் தண்ணீரை ஆறு வீடு குடிக்கிறது. கழிவு நீருக்கு ஒரு வழி தெரியும் வரை தொட்டி வேண்டாம் என்று போன கிழமை முடிவெடுத்திருக்கிறார்கள். ராத்தாவுக்கு அதில் உடன்பாடில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடி கதைப்பேன் என்றார்.